நாகராசு அறுக்காத ஃபில்டர்

அறந்தாங்கியில் நாகராசுவின் கார் பட்டறைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. பேட்டரி விற்கிறேன். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், அவர் ஒரு ஆளையும் சும்மா அனுப்பியதில்லை. ஆயில் மாற்ற வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கழற்றிய ஃபில்டரை அவர் கண்ணெதிரே வெட்டிக் காட்டினால்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

ரம்பத்தைத் தொடமாட்டார். ரம்பத்தூள் உள்ளே விழுந்தால், அது எஞ்சின் தேய்ந்த தூளா, ரம்பத்தில் உதிர்ந்ததா என்று தெரியாதாம். குழாய் வெட்டும் கருவியை மாட்டி, டப்பாவைச் சுற்றிச் சுற்றி முறுக்கி, மூடியைத் தனியாக எடுப்பார். உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து மடிப்புகளை எண்ணுவார். "இவன் அறுவது மடிப்பு வச்சிருக்கான். இன்னொருத்தன் நாப்பத்திரெண்டுலயே நிறுத்திட்டான். வெளிய ரெண்டுக்கும் ஒரே பெயிண்டு!" காகிதத்தின் இரு முனையிலும் தகடு இருக்கிறதா அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் பிடித்துவைக்கும் ரப்பர் வளையத்தைக் கிள்ளிப் பார்ப்பார். அது விறைத்திருந்தால் காலையில் சாவி போட்டதும் எஞ்சின் கடகடவென்று கத்துமாம்.

எந்தப் புதுக் கம்பெனி சரக்கு வந்தாலும் முதல் டப்பா கருவிக்குத்தான். அது தேறினால்தான் மற்றவை அலமாரிக்குப் போகும். விற்பனைப் பிரதிநிதிகள் அவரைக் கண்டாலே தலைதெறிக்க ஓடுவார்கள். அறந்தாங்கியில் அவர் மாட்டிய ஃபில்டரைப் பற்றி யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது.

இந்த ஒழுங்கை அவர் ஒரே ஒரு முறை மீறினார். சித்திரையில் அவர் தங்கை கலைமதியின் வீட்டுக்காரர் உதயசூரியன் குவைத்திலிருந்து லீவில் வந்தார். எங்கள் பக்கத்தில் சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர், வெறுங்கையோடு வர முடியாது. பிள்ளைகளுக்கு மிட்டாய், பெண்களுக்குச் சென்ட், பங்காளிகளுக்குத் தைலம் என்று ஆளாளுக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும். மைத்துனர் நாகராசுவுக்கு வந்தது ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஆயில் ஃபில்டர், இரண்டு டஜன். எப்போதோ போனில், "எனக்கு என்ன மாப்ள, அங்கிட்டு நல்ல ஃபில்டர் கெடைக்கும், அதக் கொண்டாங்க" என்று நாகராசு விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் பாவம், மனுஷன் முகம் அப்படி மலர்ந்துவிட்டது.

கருவியைக் கையில் எடுத்ததை நான் பார்த்தேன். எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார்.

"ஒண்ணை வெட்டிப் பாக்கலையா?" என்றேன்.

"தங்கச்சி வீட்டுக்காரரு ஆசையாக் கொண்டாந்ததுய்யா. வெட்டிப் பாத்தா அவுக மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரில் யார்தான் சபுராளி கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கிறார்கள்?

எட்டு வண்டிகளுக்கு மாட்டினார். எட்டாவது மரியசெல்வத்தின் டாக்சி. மரியசெல்வம் திருச்சி விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் பிழைப்பவர். அந்தக் கார் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு. ஆனி மாதம் கீரனூர் தாண்டும்போது ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. அப்படியே ஓரங்கட்டி, பயணிகளை வேறு காரில் ஏற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்.

அப்போது என்னோடு உதயசூரியனும் பட்டறையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாத லீவு என்று வந்தவர், மூன்றாவது மாதமும் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். நாகராசு ஃபில்டரைக் கழற்றிக் கருவியில் முறுக்கினார். மூடி வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. முனையில் தகடு இல்லை, வெறும் அட்டை. பசை விட்டுப்போய் மடிப்புகள் சுருண்டு கிடந்தன. காகிதம் நாராகக் கிழிந்து ஆயிலோடு எஞ்சினுக்குள் போயிருந்தது. மடிப்பு இருபத்தொன்பது. எண்ணியதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எங்கண்ணே வாங்குனது இது?" என்றார் மரியசெல்வம்.

நாகராசு மாப்பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை. "எங்க வாங்குனா என்ன? வெட்டிப் பாக்காம மாட்டுனது நான். தப்பு என்னோடது. எஞ்சினைப் பிரிச்சுச் சரிபண்ணித் தாரேன். அதுவரைக்கும் என் வண்டிய வச்சு ஓட்டுங்க."

"ஒங்களையே நம்பி வந்தேனேண்ணே" என்றார் மரியசெல்வம். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாகராசு அந்த இடத்திலேயே நின்றார். பதினாறு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையைப் பார்த்து, "அங்க ஒங்களை எவனோ ஏமாத்திட்டான் மாப்ள. நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றார்.

தப்பித்துக்கொள்ள நல்ல வழி. உதயசூரியன் "ஆமா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"எவனும் ஏமாத்தல மச்சான். அது குவைத்துல வாங்கல. பிளேனை விட்டு எறங்கி, திருச்சியில ஒரு கடையில வாங்குனேன். கம்பெனிய மூடிட்டாங்க. கடைசி ரெண்டு மாசச் சம்பளமும் தரல. வெறுங்கையோட எப்படி வாரது?"

எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இருந்தது.

"கலைமதிக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நாகராசு. உதயசூரியன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் சொல்லமாட்டேன். ஒங்க வாயால நீங்களே சொல்லுங்க."

உதயசூரியன் அங்கேயே போனை எடுத்தார். மச்சானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். வேலை போனதையும், இனிமேல் குவைத்துக்குப் போகப்போவதில்லை என்பதையும் சொன்னார்.

"அப்ப எனக்குக் கொண்டாந்த சென்ட்டு?" என்று கேட்டது கலைமதியின் குரல்.

"அதுவும் திருச்சிதான்."

"மூணு மாசமா அதை அடிச்சுக்கிட்டுத் தெருத்தெருவாப் பெருமை பீத்துனேனே... கையில ஒண்ணுமில்லாத நேரத்துல ஏங்க அதை வாங்குனீங்க?" என்றாள். பிறகு அழுதாள். இங்கே உதயசூரியனும் அழுதார், மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மனுஷன்.

நாகராசு அவரைத் தேற்றவில்லை. பில் புத்தகத்தைப் புரட்டி மற்ற ஏழு பேரின் நம்பரையும் எடுத்தார். "வண்டிய எடுக்காதீங்க, நான் மாட்டுன ஃபில்டர் சரியில்ல, நானே வந்து மாத்துறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஏழாவது ஆளிடம் சொல்லி முடித்ததும் நல்ல ஃபில்டர்களைப் பையில் போட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"கண்ணைத் தொடச்சுட்டு வாங்க மாப்ள, ஏழு ஊருக்குப் போகணும்."