வேலிக்கு உள்ளே ஒரு கல்லறை

நாஹாவில் விமானம் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. யப்பானின் தெற்கேயுள்ள ஒகினாவாத் தீவின் பட்டினம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மீன்பிடிப் பயிற்சிக்கென்று இலங்கையின் அம்பாறைக் கரையிலிருந்து எங்கள் இருவரை அனுப்பியிருந்தார்கள்: நிந்தவூரிலிருந்து நான், காரைதீவிலிருந்து தவராசா. அடுத்தடுத்த ஊர்கள்தான்; என்னுடையது முஸ்லிம் ஊர், அவனுடையது தமிழ் ஊர். தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்ததில்லை. அங்கே ஒரே அறையில் படுத்தெழும்பினோம். அண்ணன் முறைக்கு, எங்கள் ஆட்களைப்போல், என்னைக் காக்கா என்று கூப்பிடுவான்.

ஒரு ஞாயிறு காலை, எங்கள் பயிற்றுநர் மியாகி தன் காரில் வடக்கே இருபது கிலோமீற்றர் தூரம் கூட்டிப்போனார். வழி நெடுக அமெரிக்கப் படைமுகாமின் கம்பிவேலி. ஓரிடத்தில் நிறுத்தி, உள்ளே ஒரு மேட்டைக் காட்டினார். ஆமை முதுகுபோல் வளைந்த கல்லறை.

"என் பாட்டனாரின் தகப்பன்" என்றார். ஆங்கிலத்தில் மெல்ல மெல்லச் சொன்னார்.

இந்தத் தீவுகள் ரியூக்கியு என்ற தனி அரசாக இருந்த காலம். அவர் அரண்மனை அதிகாரி, பெருங்குடும்பம். பதவிக்கு அடையாளமாகக் கொண்டையில் வெள்ளி ஊசி குத்தியிருப்பாராம். யப்பான் அந்த அரசைக் கலைத்து மன்னரைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனது. கொண்டையை வெட்டிவிட்டு வந்தால் புதிய நிர்வாகத்தில் உத்தியோகம் என்றார்கள். பலர் வெட்டினார்கள். இவர் களவாகத் தோணியேறிச் சீனாவுக்குப் போய், அதிகாரிகளின் வாசல்களில் முழந்தாளிட்டுப் படையுதவி கேட்டார். சோறு கொடுத்து, பொறுத்திரு என்றார்கள். வருடக்கணக்கில் பொறுத்திருந்தார். படை வரவில்லை. ஊர் திரும்பி, வீட்டை விற்றுத் தின்று, கொண்டையோடு செத்தார்.

"உள்ளே போக முடியாதா?" என்று கேட்டேன்.

"வருடத்தில் ஒருமுறை. அனுமதி தந்தால்."

தவராசா கம்பியைப் பிடித்தபடி நின்றான். காரைதீவுக் கடற்கரையில் அவன் தகப்பனின் வீடும் வளவும் இராணுவ முகாமுக்குள் இருக்கின்றன.

"காக்கா, இவருக்கு வருசத்தில ஒருக்கா எண்டாலும் விடுறான்" என்றான். "எங்கட அப்பா கேட்டுக் கேட்டே செத்தார். வெட்டமாட்டன் எண்டு சொல்ல அந்த மனுசனுக்கு ஒரு கொண்டையாவது இருந்திச்சு. நம்மளிட்ட என்ன கிடக்கு?"

மியாகி கல்லறையை நோக்கித் தலை குனிந்து வணங்கினார். உள்ளேயிருந்து படையினரின் வாகனமொன்று எங்களுக்கு நேரே வந்து நின்றது. காரில் ஏறிக்கொண்டோம்.

பயிற்சி முடிந்து, கொழும்பிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மாவடிப்பள்ளிக்கு அருகில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தவராசாவை ஓரமாக நிறுத்தினார்கள். அடுத்த தரிப்பிடம் அவனுடைய ஊர்.

"கொஞ்சம் நில்லுங்க, அவரும் வரணும்" என்றேன் சாரதியிடம்.

"அவங்கள லேசில விடமாட்டானுகள் காக்கா. மத்த ஆக்களும் ஊட்டுக்குப் போகணுமே."

தவராசா பஸ்ஸைப் பார்க்கவில்லை. யப்பானில் வாங்கிய சட்டையின் பொத்தான்களை, உடம்பைச் சோதிக்க அவர்கள் சொல்லும் முன்பே, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். பஸ் புறப்பட்டது.