நாலு பாகம் ஆழத்தில் ஓர் ஏச்சு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கிணற்றுக்குள் என்ன விழுந்தாலும் செல்லச்சாமிக்குத்தான் ஆள் போகும். வாளி, செம்புக்குடம், கமலையில் நீர் இறைக்கிற தோல்சால், ஒருமுறை பனவடலிசத்திரத்தில் புதுப்பெண் ஒருத்தியின் ஒற்றைத் தோடு. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியும் சிக்காதது அவர் கைக்குச் சிக்கும். மூச்சை அடக்கி முங்கினால், தரையைத் தொட்டதற்கு அடையாளமாக ஒரு பிடி சேற்றோடுதான் மேலே வருவார். சேறு இல்லாவிட்டால் கிணற்றுக்காரர் நம்பமாட்டார். “பாதியிலயே திரும்பிட்டீரோ வே?” என்று கேட்டுவிடுவார்.

இருபது வருஷமாகத் தண்ணீருக்குள் போய் வந்த அந்த மனிதர் அங்கே எதையும் பார்த்ததில்லை. கிணற்றின் அடி ஒரே இருட்டு, கலங்கல் வேறு. “அங்கன கைதான் கண்ணு, அண்ணாச்சி” என்பார். அதை ஒரு குறையாக அவர் சொன்னதில்லை. நானும் அப்படி நினைத்ததில்லை.

1958இல் நான் தூத்துக்குடியில், கடலடியை ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சங்கரன்கோவில் சந்நிதித் தெருவில் பிறந்து கோயில் குளத்தையே படிக்கட்டோடு நிறுத்திக்கொண்ட சிவராமலிங்கமாகிய எனக்குக் கடலில் உத்தியோகம். அந்த வருஷம் ஒரு கருவி வந்து இறங்கியது. முதுகில் கட்டிக்கொள்ளக் காற்று அடைத்த ஓர் இரும்பு உருளை, அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், குழாய் முனையில் வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் கவ்வி, முகத்துக்குக் கண்ணாடி. தூத்துக்குடியில் முங்கத் தெரிந்தவர்களெல்லாம் சங்கு குளிக்கப் போயிருந்தார்கள். “தண்ணிக்குப் பயப்படாத ஆளு யாராவது உண்டுமா?” என்று எங்கள் ஆபீசர் மருதப்பன் கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி செல்லச்சாமி பெயரைச் சொன்னேன்.

வந்தவருக்கு மருதப்பன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். “மூச்சை அடக்கப்படாது வே. அடியில வாங்கின காத்து மேல வர வர வீங்கும். அடக்கிக்கிட்டு ஏறினீருன்னா நுரையீரல் கிழிஞ்சு போகும். விட்டுக்கிட்டே வரணும்.” செல்லச்சாமிக்கு இதுதான் ஏறவில்லை. மூச்சை அடக்குவதில்தான் அவர் பெயரே இருந்தது. மார்பளவு தண்ணீரில் பழக்கும்போதுகூட, ஆபத்து என்று தோன்றினால் அவர் வாய் தானாக இறுகிக்கொள்ளும். நாலு நாள் கத்திக் கத்தி மருதப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஐந்தாம் நாள் கரைக்கு எதிரே இருக்கிற ஒரு தீவுக்கு அப்பால், பவளப்பாறைமேல் தோணியை நிறுத்தி அவரை இறக்கினோம். ஆழம் நாலு பாகம், அதாவது நாலு ஆள் உயரம். இருபது நிமிஷம் கழித்து மேலே வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் கண் கலங்கியிருந்தது.

“என்னவே பாத்தீரு?” என்றேன்.

“என் கையப் பாத்தேன் அண்ணாச்சி.”

மீன்களைப் பற்றியும் பூப்போட்ட பாறைகளைப் பற்றியும் பிறகு சொன்னார்தான். ஆனால் முதலில் அவர் பார்த்தது தன் கையை. தண்ணீருக்கடியில் தன் விரல்கள் வேலை செய்வதை முதன்முதலாகப் பார்த்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மாதிரிக்கு எடுத்துவரச் சொல்லியிருந்த பாறைத்துண்டை மறந்துவிட்டார். அன்று முழுக்க அவருக்கு ஒரே பேச்சு, மறுபடி எப்போது இறங்கலாம் என்பதுதான். இறங்கலாம் என்றார் மருதப்பன். எல்லாம் சரியாக நடந்தால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது அவர் என்னிடம் வந்து நின்றார். அந்த ரப்பர் கவ்வியை மட்டும் கொடுத்தால் வீட்டில் சம்சாரம் மாடத்தியிடம் காட்டிவிட்டு வருவாராம். தண்ணீருக்குள் மூச்சு விட்டேன் என்றால் அவள் நம்பமாட்டாளாம். ஸ்டோர் சாமான் வெளியே போகக் கூடாது. எனக்கும் அது தெரியும். ஆனாலும் ஊர்க்காரர் கேட்டாரே என்று, யாரிடமும் கேட்காமல் கழற்றிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அதைத் திரும்ப மாட்டி மறுபடி இறக்கினோம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. கவ்வியைத் துப்பிவிட்டு, வாய் நிறையக் கத்திக்கொண்டே மேலே வந்தார் செல்லச்சாமி. எங்களுக்குக் கேட்டது “மாடத்தி” என்ற கடைசி வார்த்தை மட்டும்தான். தோணியில் தூக்கிப் போட்டுப் பார்த்தோம். உயிருக்கு ஒன்றும் இல்லை.

“சம்சாரம் பேரு சார்” என்றேன் மருதப்பனிடம்.

கவ்வியைப் பிரித்த அவர் கையில் மண் ஒட்டியது. பழுப்பு நிறத்தில், மாவு மாதிரி நைசான மண். மூச்சு போய்வருகிற வழியின் ஓரத்தில் காய்ந்து கிடந்தது, தண்ணீரில் ஊறிப் பெயர்ந்து வழியை அடைத்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண். வயிற்றுவலிக்குத் தின்று, புண்ணுக்குப் பூசி வளர்ந்தவர்களுக்கு அது தெரியாமலா போகும்? காற்று வருகிற வழியில் சாமி இருக்கட்டும் என்று மாடத்தி குழைத்து அப்பியிருக்கிறாள்.

“இதுல வேற யாரும் கைவச்சாங்களா? சொல்லும் வே” என்றார் மருதப்பன். “உம்ம தப்பு இல்லேன்னா நாளைக்கே மறுபடி இறங்கலாம்.”

செல்லச்சாமி கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நாந்தான் சார். மணல்ல போட்டுட்டேன்.”

கருவியைக் காப்பாற்றத் தெரியாதவரை வைத்துக்கொள்ள முடியாது என்று மருதப்பன் எழுதிவிட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் கவ்வியைக் கொடுத்த என் கதையும் வெளியே வரும். அதனால் பேசாமல் இருந்தேன். இன்றுவரை அது எனக்கு வெட்கம்தான்.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் அவராகவே சொன்னார்.

“வாய்க்குள்ள கரிச்ச தண்ணியோட மண்ணும் வந்துச்சு. நாக்குல பட்டதும் தெரிஞ்சு போச்சு. வந்த கோவத்துக்கு, ‘ஏட்டி, ஒனக்குப் புத்தியிருக்கா மாடத்தி’ன்னு அடியிலேருந்து மேல வாரவரைக்கும் ஏசிக்கிட்டே வந்தேன்.”

வாயை இறுக்கிக்கொள்கிற அந்தப் பழைய பழக்கம் அன்று வந்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார். ஏசியதில்தான் மூச்சு வெளியே போயிருக்கிறது.

“உண்மையச் சொல்லியிருந்தா நாளைக்கே இறங்கியிருக்கலாமே வே” என்றேன்.

“சொன்னா அவ காதுக்குப் போயிரும்லா. அப்புறம் அவ எந்தச் சாமிகிட்ட போயி நிப்பா?”

வீட்டில் மாடத்தி எனக்குக் காப்பி கொடுத்தாள். குழாயில் என்னவோ அடைத்து, செத்துப் பிழைத்து வந்ததாக அவளிடம் அவர் சொல்லியிருந்தார். “நான் புத்துமண்ணு வச்சிருந்தேன் அண்ணாச்சி. அது மட்டும் இல்லேன்னா அவுக திரும்பி வந்திருப்பாகளா?” என்றாள். செல்லச்சாமி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“வந்திருக்கமாட்டார்தான்” என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

கிணற்று வேலைக்கு இப்போதும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வாளியை எடுத்துவிடுகிறார், ஆனால் சில சமயம் சேறு எடுக்காமலே வந்துவிடுகிறார், முன்னைவிட நேரமும் ஆகிறது என்று கிணற்றுக்காரர்கள் குறைப்படுகிறார்கள். கேட்டால் அவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அந்த இருட்டுக்குள் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.