கால் மணி நேர அதிகாரம்

மௌஸை மல்லாத்தி வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்வார் சௌந்தரராஜன். பார்க்கிறவர்களுக்கு மின்சாரம் போய்விட்டது போலத் தோன்றும். சிம்மக்கல்லில் நாங்கள் வேலை பார்க்கும் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பல வருடங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். அவர் கம்ப்யூட்டரில் அடிப்பார், நான் மடித்து ஒட்டுவேன்.

முதலாளி ஹரிஷ்குமார் கம்ப்யூட்டருக்குத் தனி பாஸ்வேர்டு வைத்திருந்தார். புதிதாக எதைச் சேர்க்கவும் அது வேண்டும். அந்தப் பூட்டைத் தாண்டி யாராவது கை வைத்தால் வேலை கிடையாது என்று சொல்லியும் இருந்தார். சௌந்தரராஜனுக்கு வயது ஐம்பத்தைந்து. வேறு கடையில் யாரும் கூப்பிடப் போவதில்லை.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பலவீனம் இருந்தது. பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே எதையும் தொடாமல் கால் மணி நேரம் விட்டுவைத்தால் அது தானே ஸ்கிரீன் சேவரை ஓட்டும், அதுவும் முதலாளிக்கும் மேலான அதிகாரத்தில். சௌந்தரராஜன் பூட்டைத் திறந்துவிடும் வேறொரு புரோகிராமுக்கு ஸ்கிரீன் சேவரின் பெயரைச் சூட்டி அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார். பிறகு சும்மா இருப்பதுதான் வேலை.

ஒருமுறை புது பிரிண்டரை இறக்கிவைத்த கையோடு, கம்ப்யூட்டரில் அதைச் சேர்க்காமலே முதலாளி திருப்பதிக்குக் கிளம்பிவிட்டார். சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கார ஜெயபாண்டி வந்து நின்றார். விடிந்ததும் மகள் கல்யாணப் பத்திரிகையைக் குலசாமி முன்னால் வைக்க வேண்டுமாம். சௌந்தரராஜன் மௌஸை மல்லாத்தினார். பத்து நிமிடம் போனதும் ஜெயபாண்டி பொறுமை இழந்து ஒரு பட்டனைத் தட்டினார். மறுபடி முதலிலிருந்து.

"தொடாதீங்கண்ணே. அது நம்மளை மறக்கணும். மறந்தாத்தான் தொறக்கும்."

"சும்மா இருந்தா பெரிய அதிகாரம் வந்துருமா? எங்க வி.ஏ.ஓ. இருவது வருசமா சும்மாதான் இருக்காரு, இன்னும் தாசில்தார் ஆகலையே."

கால் மணி நேரம் கழிந்ததும் கம்ப்யூட்டர் திறந்தது. உடனே சௌந்தரராஜன் நாற்காலியை விட்டு எழுந்து, பிரிண்டர் வேலை முடியும்வரை நின்றுகொண்டே அடித்தார்.

நன்றி மிகுதியில் ஜெயபாண்டியே முதலாளியிடம் புகழ்ந்து தொலைத்தார்.

"நான் போட்ட பூட்டை எப்படிண்ணே தொறந்தீங்க?" என்றார் முதலாளி.

"நான் தொறக்கல மொதலாளி. அதுவாத் தொறந்துச்சு. நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

வீட்டுக்கு அனுப்பத்தான் நினைத்தார் முதலாளி. ஆனால் ஓட்டை எங்கே என்று காட்ட இவரை விட்டால் ஆள் இல்லை. இவரே காட்டி, இவரே அடைத்தார். சோதித்துப் பார்க்க நாங்கள் மூவரும் கால் மணி நேரம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். ஸ்கிரீன் சேவர் மட்டும் ஓடியது. முதலாளி பெருமூச்சு விட்டார். வேலையும் தப்பியது.

அதன் பிறகு ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் முதலாளி சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. அலுத்துப்போய், பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறேன் என்றார். சௌந்தரராஜன் காதைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு வேணாம் மொதலாளி. தெரிஞ்சா என்னைக்காச்சும் உங்க எடத்துல உக்காந்துருவேன்."

யோசித்துவிட்டு முதலாளி அதை என்னிடம் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவள், யாரிடமும் அதிகம் பேசாதவள்.

இப்போது தேவைப்படும்போதெல்லாம் நான் பசைக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வந்து பாஸ்வேர்டை அடிக்கிறேன். நான் "ஆச்சுண்ணே" என்று சொல்லும்வரை சௌந்தரராஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்.