கறுப்புக் காரின் மூட்டம்

அத்தையும் மாமாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட காலத்தில் அவர்களுக்கு நடுவே நான்தான் தபால். கோவில்பட்டியில் அவர்கள் வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். “ஏட்டி, சோறு ஆறுதுன்னு ஒங்க மாமாட்ட சொல்லு” என்பாள் அத்தை. மாமா எதிரேதான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி நின்று ஒப்பிப்பேன். பசிக்கவில்லை என்று சொல்லச் சொல்வார். அவர் வயிறு வேறு மாதிரி சத்தம் போடும். அதை மட்டும் நான் அத்தையிடம் சேர்ப்பதில்லை.

எல்லாம் ஒரு கறுப்புக் காரால் வந்தது. தையல் கடை வருமானத்தில், மாமாவைக் கேட்காமல், அத்தை அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டாள். “கரிசப் புழுதிக்கும் இந்த வெயிலுக்கும் எவனாவது கறுப்பு வாங்குவானா?” என்று விருந்தாளிகள் முன்னால் மாமா கேட்டுவிட்டார். அதோடு சரி. அவர் அந்தக் காரில் ஏறவில்லை; அவள் அவரோடு பேசவில்லை. ஒருநாள் காரையும் விட்டுவிட்டு, பஸ் ஏறி இடைசெவலில் எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் பரீட்சை, அதனால் என்னை விட்டுவிட்டுப் போனாள். இனி வரவே மாட்டாளோ என்று பயந்து கிடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா ஒரு பாலிஷ் மெஷினை இரவல் வாங்கி வந்தார். தகரக் கொட்டகைக்குள் காரை நிறுத்தி, மெஷினில் கம்பளி உறையை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தார். கீறல்கள் போயே போய்விட்டன. கதவில் என் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டேன். மாமா உடனே அப்பாவுக்குப் போன் போட்டார். “மச்சான், அவ கார் ரெடியா இருக்குன்னு சொல்லுங்க” என்றார். நாளை வருகிறாளாம்.

மறுநாள் காலையில் காரை வெளியே தள்ளினோம். வெயில் பட்டதும் முகம் பார்க்கக் கதவருகே ஓடினேன். வாயால் ஊதிய கண்ணாடி போல வண்டி முழுக்க வெள்ளையாக ஒரு மூட்டம். துடைத்தும் போகவில்லை. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை இதைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கம்பளி அழுத்தித் தேய்த்த தடம்தான் அந்த மூட்டமாம். கறுப்பில் அது ஒளியாதாம். மாமா கடைக்கு ஓடி மெத்தென்ற ஸ்பாஞ்சும் நைசான பாலிஷும் வாங்கி வந்தார். காரை நிழலுக்குத் தள்ளி, அதன் சூடு ஆறும்வரை காத்திருந்தார். பிறகு துளி பாலிஷ் வைத்து, மெஷினை அதன் கனத்திலேயே மெதுவாக நகர்த்தினார். அடிக்கடி ஸ்பாஞ்சைத் துடைத்தார். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். மூட்டம் விலகி, உள்ளிருந்து கறுப்பு வெளியே வந்தது.

பாதிக் கார் முடிவதற்குள் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“ஏட்டி, இந்தப் பாதிய தேய்ச்சது யாரு, அந்தப் பாதிய தேய்ச்சது யாருன்னு கேளு.”

கேட்டேன்.

“ரெண்டும் நாந்தான்னு சொல்லு” என்றார் மாமா.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை அவரைப் பார்த்தே கேட்டாள். “அப்போ மங்கிக் கெடக்குத பாதி கோவத்துல தேய்ச்சதோ?”

“ஆமா” என்றார் மாமா, அவளைப் பார்த்து.

அத்தை பையை என்னிடம் கொடுத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, மெஷின் வயர் காரில் உரசாமல் தூக்கிப் பிடித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தபால் வேலை போனதில் அப்படி ஒரு சந்தோஷம்.

பொழுது சாய்வதற்குள் மூட்டம் முழுவதும் போய்விட்டது. ஆனாலும் அவர்கள் விடவில்லை. “இங்கன இன்னும் லேசா இருக்கு, பாருங்க” என்பாள் அத்தை. “ஆமா, இருக்கு” என்று மாமா அங்கே குனிவார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சொன்னேன், இருவர் காதிலும் விழவில்லை.

அடுத்த வாரம் அப்பா வந்ததும், அத்தைக்கும் மாமாவுக்கும் கண் சரியில்லை, டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று கவலையோடு சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.