குட்டையில் படிந்த பச்சை ஏடு

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைத் தகராறு முற்றியிருந்த சமயம். சத்தியவேடு பக்கத்திலுள்ள எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடுதான் இருக்க வேண்டும் என்பேன் நான். பக்கத்து நிலத்து வெங்கடையா ஆந்திராதான் என்பார். அதனாலேயே எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

என் குட்டையில் வளர்த்த கெண்டைகள் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று கூடை கூடையாகச் சாணம் கொட்டினேன். கோடையில் தண்ணீர்மேல் சாயம் ஊற்றியதுபோலப் பச்சை ஏடு படிந்தது. ஒருநாள் காலையில் மீனெல்லாம் செத்து மிதந்தது. வெங்கடையாதான் விஷம் வைத்தார் என்று கொதித்தேன்.

அந்த நேரம் பார்த்து, கரையில் நின்ற என் எருமைகளை அவர் தடியால் விரட்டிக்கொண்டிருந்தார். பாய்ந்து சட்டையைப் பிடித்தேன்.

"மீனைக் கொன்னது போதாதா?"

"உட்றா! இந்தப் பச்சைத் தண்ணியக் குடிச்சா மாடும் செத்துப்பூடும். எங்க மாமியார் ஊர்ல பாத்துக்கீறேன்!"

நம்பாமல் அறைந்துவிட்டேன். ஏற்கெனவே குடித்திருந்த எருமை ஒன்று மாலைக்குள் நடுங்கி விழுந்து செத்தது. மாட்டு டாக்டர் குட்டையைப் பார்த்துவிட்டு, "விஷம் இந்தப் பாசியிலதான். இவ்வளவு சாணத்தைக் கொட்டினது யாரு?" என்று என்னிடமே கேட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். வெங்கடையா கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் ஊர் ஆந்திராவுக்கே போன பிறகும் அவர் பேசவில்லை.

இப்போது சாணத்தை அளவாகத்தான் போடுகிறேன். தண்ணீர் பச்சை தட்டினால் என் மாடுகளைக் கட்டிவிட்டு, "தண்ணி பச்சையாயிடுச்சு!" என்று அவர் காதில் விழும்படி கரையில் நின்று கத்துகிறேன். அவர் என் பக்கம் திரும்புவதில்லை. தன் மாடுகளை மட்டும் குட்டைப் பக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்.