காத்திருந்த காட்சி

நாவலும் நாடகமும் வாழ்க்கையைக் கற்றுத்தரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தென்காசி நூலகத்து நாவல் வரிசையில் நான் எடுக்காத புத்தகம் குறைவு. இலஞ்சியில் அம்மன் கோயில் கொடைக்கு வருடம் தவறாமல் நாடகம் போட்டிருக்கிறேன். எந்த இடத்தில் எந்த வசனம் விழ வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் மனைவிக்கு இன்னும் நாலைந்து மாதம்தான் என்று திருநெல்வேலி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், "டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள்.

"ரத்தம் கொறவா இருக்காம்" என்றேன்.

நான் படித்த கதைகளில் நல்ல கணவன் அப்படித்தான் சொல்வான். பிறகு ஒருநாள் அவளுக்கு உண்மை தெரியவரும், இருவரும் அழுவார்கள், மனதில் கிடப்பதையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தேன். கூறுகெட்டவன் வேறென்ன செய்வான்.

பேசித் தீர்க்க அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. எங்கள் மகள் சடங்குக்கு வாசுதேவநல்லூரிலிருந்து அவள் தம்பி நேரம் தப்பிச் சீர் கொண்டுவந்தான். தாய்மாமன் இல்லாமலே தண்ணீர் ஊற்றும்படி ஆனது. சபையில் வைத்து அவனை ஏதோ சொல்லிவிட்டாள். எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ரிப்போர்ட்டை பீரோவில் அவள் கண்ணில் படும்படி வைத்தேன். கதைகளில் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். அவள் அதன்மேல் என் சட்டைகளை மடித்து அடுக்கினாள்.

சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். சொல்ல வேண்டியதை ஒத்திகையே பார்த்திருந்தேன். குளிக்க அவளுக்குத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்துத் தின்றாள்.

"அடுத்த சீசனுக்குத் தம்பியையும் வரச் சொல்லணும். எத்தன வருசம்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கது. ஒடம்பு நல்லா ஆகட்டும், நானே போயி கூப்பிடுதேன்."

அந்த நிமிடமே போனை எடுத்திருக்க வேண்டும். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: நல்ல வசனம் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய காட்சி பின்னால் வரும் என்று தோன்றியது. "சரி, போலாம்" என்று சொல்லி, பழத்தோலைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

மூன்று வாரத்தில் போய்விட்டாள். காப்பி போட எழுந்தவள் மறுபடி படுத்தாள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மரத்துப்போன கையைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவ்வப்போது அவள் போட்டோவைப் பார்க்கிறேன்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம்பிதான் கொண்டுவர வேண்டும். மற்ற சொந்தங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தான். சேலையை அவள்மேல் போர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா என்னையப் பத்தி எதாவது சொன்னாளா அத்தான்?"

"அடுத்த சீசனுக்கு உன்ன வரச் சொல்லணும்னு சொன்னா."

"எப்பம் சொன்னா?"

"மூணு வாரம் இருக்கும்."

"அவளுக்கு இப்பிடின்னு ஒங்களுக்கு அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

நாடகமாக இருந்தால் அந்த இடத்தில் என் சட்டையைப் பிடித்திருப்பான். பிடிப்பான் என்றுதான் நின்றேன். அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"பஸ்ஸுல ஒரு மணி நேரந்தான அத்தான்."

"ஆமா" என்றேன்.