அத்தைக்கு வந்த மாரிறுக்கம்

என் மாமியார் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுபதை நெருங்கும்போதுதான் தனக்கென்று ஒரு ஏக்கர் கழனியைக் கண்டவர். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு காலையில் புல்லுக்கட்டோடு வரும்போது, பாதி வழியில் கட்டைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே வந்துகொண்டிருந்த நான் கிட்டே ஓடினேன்.

“இன்னா அத்தை?”

“ஒண்ணுமில்லம்மா. மாரு இறுக்கிக்கினு வருது. செத்த உக்காந்தா போய்டும்.”

நெஞ்சு விஷயம் ஆயிற்றே என்று அன்றைக்கே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, கேஸ்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எங்களுக்கு உயிர் வந்தது. அதன்பிறகு வீட்டில் எல்லோரும் அவருக்குக் கேஸ் வைத்தியம் சொன்னோம். பூண்டு, ஓமத்தண்ணி, வெந்நீர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வந்து நானும் தினமும் கேட்பேன், “கேஸ் மாத்திரை போட்டீங்களா?” அவர் தலையை ஆட்டுவார்.

ரெண்டு மாசம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை உரித்துக்கொண்டே, ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோல ஆரம்பித்தார்.

“இது கேஸ் இல்லம்மா. நான் பாத்துக்கினே இருக்கறேன். கேஸ்னா துன்ன பிறகு வரணும். இது வெறும் வயித்துலயும் வருது. குந்திக்கினு களை எடுத்தா வரல. நடந்தா வருது, நின்னா போவுது. முன்ன புளியமரம் வரைக்கும் வுட்டுச்சு. இப்போ மோட்டார் கொட்டாய் தாண்டறதுக்குள்ள புடிச்சிக்குது.”

கம்பெனியில் என் வேலையே, லைனில் வரும் பாகங்களைப் பார்த்து எது எந்த இடத்தில் பழுதாகிறது என்று ஷீட்டில் குறிப்பதுதான். அதற்கு எனக்கு ஒரு மாசம் டிரெயினிங் கொடுத்தார்கள். கையெழுத்து போடத் தெரியாத இந்த அம்மா, தன் உடம்பை வைத்தே அதைச் செய்திருக்கிறார். நானோ ரெண்டு மாசமாகக் கேஸ் கேஸ் என்று வாயை மூடவைத்திருக்கிறேன். மறுநாளே லீவு போட்டேன்.

பிச்சாட்டூர், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ். ஆஸ்பத்திரிப் படியில் எட்டாவது படியிலேயே கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். எங்கே நொப்பி என்று தெலுங்கில் கேட்டார்.

“நொப்பி காதம்மா,” என்றார் அத்தை. வலி இல்லை, இறுக்கம் என்று தெலுங்கிலேயே திருத்திவிட்டு, என்னிடம் சொன்னதை எல்லாம் வரிசை மாறாமல் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்து வந்து அத்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரெண்டும் வெள்ளையாக இருந்தன. தினமும் கூடவே இருக்கும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

“கேஸ் மாத்திரை தவிர வேற என்ன மாத்திரை போடறீங்க?”

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காலி அட்டையை எடுத்தார். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நான் வாங்கி வருகிற மாத்திரை. ஆறு மாசமாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

டாக்டர் அடுத்துக் கேட்டது, வெளிக்குப் போனால் என்ன நிறம் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தைக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

“தாரு மாதிரி கருப்பா. கேவுரு களி துன்றதால போலன்னு இருந்துட்டேன்.”

ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது. அன்றே வார்டில் சேர்த்து, இருதயத்தையும் மறுபடி பார்த்துவிட்டு, வாய்வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். வலி மாத்திரை அரித்த இடத்திலிருந்து நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தம் குறையக் குறைய இருதயம் தவிக்கிறது, அதுதான் நடந்தால் இறுக்குகிறது என்று டாக்டர் விளக்கினார்.

“வயசானவங்களுக்கு மாரு இறுக்கினா முதல்ல இருதயத்தத்தான் பாக்கணும். நீங்க செஞ்சது சரி. ஆனா அது நல்லா இருக்குன்னதோட தேடறத நிறுத்தக்கூடாது. நுரையீரல், உணவுக்குழாய், ரத்தம், மனசுல இருக்கற பாரம்னு எத்தனையோ இருக்கு. இந்தம்மா சொன்ன விதத்துல எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது.”

ரெண்டாவது ரத்தப் பை ஏறிக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. “நான் வாங்கிக் குடுத்த மாத்திரைதான் அத்தை,” என்றேன்.

அவர் ஊசி குத்தாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “அந்த மாத்திரை இல்லன்னா இந்தத் தடவ நடவுக்கே எறங்கியிருக்க மாட்டேன். நீ வெஷமா குடுத்த? போய் எதனா துன்னுட்டு வா. மூஞ்சப் பாரு, என்ன விட வெளுத்துக் கெடக்குது.”

புண் ஆற மூணு மாசம் பிடித்தது. ரத்தம் ஏறியது, இறுக்கம் போய்விட்டது. வலி மாத்திரையை நிறுத்திவிட்டதால் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு டாக்டர் சொன்ன பயிற்சியை, டிவியில் தெலுங்கு சீரியல் ஓடும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிறார். காலை நீட்டி, பத்து எண்ணி, மெதுவாக இறக்குகிறார். விளம்பரம் வந்தாலும் எண்ணிக்கையை விடுவதில்லை.